ஒரே கம்பத்தில் இரண்டு ஆண்டெனா: தேனி கண் மருத்துவமனை வலையமைப்பிலிருந்து ஒரு பாடம்

முதலில் என் தோல்விக் கதை.

2013-ல் எங்கள் ஊரில் பிராட்பேண்ட் கிடையாது. உசிலம்பட்டிக்கு மேற்கே, ஆண்டிபட்டிக் கணவாய்க்குப் போகிற வழியில் உள்ளடங்கிய கிராமம். ஆனால் சித்தப்பாவின் அரிசி ஆலை வரைக்கும் இணையம் வந்துவிட்டது. ஆலை மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு இரும்புக் கம்பம் நட்டு, 6 கி.மீ. தள்ளியிருந்த எங்கள் வீட்டைப் பார்த்து ஒரு கிரிட் ஆண்டெனா மாட்டினேன். சாதாரண வைஃபைதான், 2.4 கிகாஹெர்ட்ஸ். பிரமாதமாக வேலை செய்தது. அந்தத் தைரியத்தில் அதே கம்பத்தில் இன்னொரு ஆண்டெனாவைத் தெற்கே திருப்பி வைத்தேன். அங்கே 2 கி.மீ. தூரத்தில் பக்கத்து ஊர்ப் படிப்பகம். சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கணக்கு வீடியோ போட்டுக் காட்டலாம் என்று திட்டம்.

முதல் நாள் பதினைந்து பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். வீடியோ சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு போன் போட்டால், "காலையிலயிருந்து இங்கயும் நெட்டு வரலப்பா" என்கிறார் அம்மா. இரண்டாவது ஆண்டெனாவைக் கழற்றினால் முதலாவது நன்றாக ஓடுகிறது. முதலாவதைக் கழற்றினால் இரண்டாவது ஓடுகிறது. இரண்டும் இருந்தால் இரண்டுமே படுத்துவிடுகிறது. நான் என்ன செய்தேன்? இன்ஜினியர் மூளை, சக்தியைக் கூட்டினேன். இன்னும் மோசமானது. மூன்றாம் நாள் ஐந்து பிள்ளைகள்தான் வந்தார்கள்.

சென்னைக்குத் திரும்பிய பிறகு இணையத்தில் தேடும்போது, எங்கள் ஊரிலிருந்து மேற்கே மலையைத் தாண்டினால் வந்துவிடும் தேனியிலேயே இதே பிரச்சினையைச் சில வருடங்களுக்கு முன் சந்தித்துத் தீர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அவர்கள் கண்டுபிடித்த விஷயம் ஒரு வரியில் சொல்லக்கூடியது. ஆனால் அந்த வரி எனக்குப் புரிய ஒரு வாரம் பிடித்தது. அதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

தேனியில் என்ன நடந்தது?

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தெரியாதவர்கள் குறைவு. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது. கிராமத்துக்காரருக்குக் கண் மருத்துவமனை தூரம் என்பதுதான் பெரிய தடை. வலி இல்லாத கண் கோளாறுக்கு ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, துணைக்கு ஒருவரையும் கூட்டிக்கொண்டு, பஸ் ஏறி வரமாட்டார்கள். அதனால் சிறு ஊர்களில் 'பார்வை மையம்' திறந்தார்கள். அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். மருத்துவர் மருத்துவமனையில் உட்கார்ந்து வீடியோவில் நோயாளியோடு பேசி முடிவு சொல்வார்.

இதற்கு நல்ல இணைப்பு வேண்டும். 2000-களின் நடுவில் அந்த ஊர்களில் அது கிடையாது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் பிரூவர் தலைமையில் இருந்த 'டையர்' என்ற ஆராய்ச்சிக் குழு அரவிந்தோடு சேர்ந்து, தேனி மருத்துவமனையைச் சுற்றியிருந்த ஐந்து பார்வை மையங்களை வைஃபை மூலமாகவே இணைத்தது. 2008-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின்படி, மொத்தம் 11 ரேடியோ நிலையங்கள், 9 இணைப்புகள். இருப்பதில் சிறிய இணைப்பு 1 கி.மீ., பெரியது ஆண்டிபட்டிக்குப் போவது, 15 கி.மீ. ஆறு நிலையங்கள் 24 முதல் 42 மீட்டர் உயரக் கோபுரங்களில் இருந்தன. மற்றவை மாடிக் கம்பங்களில். ஒன்று மட்டும் ஒரு ஜவுளி ஆலையின் புகைபோக்கி மேல்!

இவ்வளவு உயரம் எதற்கு? ரேடியோ அலை நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில் போவதில்லை. நடுவில் கொழுக்கட்டை மாதிரி பருத்துப் போகும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 15 கி.மீ. இணைப்புக்கு, நடுவழியில் அந்தப் பருமனின் ஆரம் சுமார் 22 மீட்டர். அதில் பாதிக்கு மேலாவது தடையில்லாமல் இருக்க வேண்டும். கீழே தென்னந்தோப்பு இருக்கிறது. கணக்குப் போட்டால் கோபுரத்தின் உயரம் தானாக வந்துவிடும்.

எல்லாமே சந்தையில் கிடைக்கும் பொருட்கள்தான்: சின்ன கணினிப் பலகை, வைஃபை கார்டு, 24 டெசிபல் பெருக்கம் தரும் கிரிட் ஆண்டெனா. இடைநிலைக் கோபுரங்களில் ஒரே பலகையில் இரண்டு மூன்று கார்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு திசையைப் பார்க்கும் ஆண்டெனா. சுருக்கமாக, என் ஆலைக் கம்பத்தின் பெரிய அண்ணன்.

(இன்றைய ரூட்டர்களில் நான்கைந்து கொம்பு இருக்கிறதே, அது வேறு. அங்கே எல்லாக் கொம்பும் சேர்ந்து ஒரே உரையாடலை நடத்துகின்றன. நான் சொல்வது ஒரே கம்பத்தில் தனித்தனி உரையாடல் நடத்தும் ஆண்டெனாக்கள்.)

கூம்பு ஒலிபெருக்கிக்குப் பின்னால்

என் தப்பு என்ன என்றால், 'திசை ஆண்டெனா' என்ற சொல்லை அப்படியே நம்பியது. மேற்கே பார்ப்பது மேற்கே மட்டும் பேசும், தெற்கே பார்ப்பது தெற்கே மட்டும் பேசும் என்று நினைத்தேன்.

ஊர்த் திருவிழாவில் கூம்பு ஒலிபெருக்கி கட்டியிருப்பார்களே, அது ஒரு பக்கம்தான் பார்க்கும். ஆனால் அதன் பின்னால் போய் நின்று பாருங்கள், காது கிழியும். முன்பக்கத்தை விடக் குறைவுதான். ஆனால் நீங்கள் நிற்பது இரண்டடி தூரத்தில். கிரிட் ஆண்டெனாவும் இப்படித்தான். பக்கவாட்டிலும் பின்னாலும் கொஞ்சம் கசியும். அந்த 'கொஞ்சம்' எவ்வளவு என்று பார்ப்போம்.

டெசிபல் கணக்கு எளிது: 10 டெசிபல் என்றால் 10 மடங்கு, 20 என்றால் 100 மடங்கு, 30 என்றால் 1000 மடங்கு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை வெறும் வெளியில் 15 கி.மீ. போனால் சுமார் 124 டெசிபல் இழக்கும். இரு பக்கமும் ஆண்டெனாக்கள் 24 + 24 = 48 டெசிபல் திருப்பித் தருகின்றன. நிகர இழப்பு 76. இது நமக்கு வேண்டிய சிக்னல்.

இப்போது அதே கம்பத்தில் 2 மீட்டர் தள்ளியிருக்கும் பக்கத்து ஆண்டெனா. 2 மீட்டருக்கு இழப்பு 46 டெசிபல். பக்கவாட்டுக் கசிவில் இரண்டு ஆண்டெனாவும் பெருக்கம் எதுவும் தருவதில்லை என்று வைத்துக்கொள்வோம். நிகர இழப்பு அதே 46.

வித்தியாசம் 30 டெசிபல். அதாவது, 15 கி.மீ. தாண்டி வரும் குரலை விடப் பக்கத்து ஆண்டெனாவின் கசிவு சுமார் 1000 மடங்கு பலம்! என் 6 கி.மீ. இணைப்புக்குப் போட்டுப் பார்த்தேன், அங்கேயும் 100 மடங்குக்கு மேல்.

இதில் கவனிக்க வேண்டியது, சக்தி எவ்வளவு என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை. எல்லா ரேடியோவின் சக்தியையும் இரண்டு மடங்காக்கினால் வேண்டிய சிக்னலும் கூடும், கசிவும் கூடும், விகிதம் மாறாது. நான் செய்தது இன்னும் அழகு. கம்பத்தில் இருந்த ரேடியோக்களின் சக்தியை மட்டும் கூட்டினேன். அதாவது கசிவை மட்டும் கூட்டினேன்.

வைஃபையின் நல்ல பழக்கம் இங்கே கெட்ட பழக்கம்

ஒரு கேள்வி வரலாம். வைஃபை பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்குமே, யாராவது பேசினால் காத்திருக்குமே, பிறகு எப்படி மோதுகிறது?

வீட்டுக்குள் அந்தப் பழக்கம் சரி. கோபுரத்தில் இரண்டு விதமாகக் கெடுக்கிறது.

ஒன்று: மேற்கு ஆண்டெனா பேசும்போது அதன் கசிவு தெற்கு ஆண்டெனாவுக்குக் கேட்கிறது. "யாரோ பேசுகிறார்கள்" என்று தெற்கு ஆண்டெனா சும்மா காத்திருக்கிறது. உண்மையில் அது பேசினால் ஒன்றும் குடிமுழுகாது. இரண்டு பேச்சும் வேறு வேறு ஊருக்குப் போகிறவை.

இரண்டு: தெற்கு ஆண்டெனா தூரத்துக் குரல் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்த மெல்லிய குரல், வேறு திசையைப் பார்க்கும் மேற்கு ஆண்டெனாவுக்குக் கேட்கவில்லை. "யாரும் பேசவில்லை" என்று அது பேச ஆரம்பிக்கிறது. 1000 மடங்குக் கசிவு தெற்கு ஆண்டெனாவின் காதில் விழுகிறது. வந்துகொண்டிருந்த பொட்டலம் காலி.

அதாவது, பேசலாம் என்கிற இடத்தில் காத்திருக்கிறது, காத்திருக்க வேண்டிய இடத்தில் பேசுகிறது. தலைகீழ்.

தூரம் வேறு தன் பங்குக்குப் படுத்துகிறது. 15 கி.மீ. போக அலைக்கு 50 மைக்ரோ விநாடி ஆகும். பழைய வைஃபை தரமான 802.11பி-யில், யார் பேசுவது என்று தீர்மானிக்கும் ஒரு கால அளவு 20 மைக்ரோ விநாடிதான். தேனியில் ஒருவர் வாய் திறந்தது ஆண்டிபட்டிக்குத் தெரிவதற்குள் அங்கேயும் பேச்சு தொடங்கியிருக்கும்.

சேர்ந்து பேசு, சேர்ந்து கேள்

இப்போது அந்த ஒரு வரி: ஒரு கோபுரத்தில் உள்ள எல்லா ஆண்டெனாவும் ஒரே நேரத்தில் பேசட்டும், ஒரே நேரத்தில் கேட்கட்டும். ஒன்று பேசும்போது இன்னொன்று கேட்கக்கூடாது. அவ்வளவுதான்.

இரண்டு பேர் முதுகோடு முதுகு ஒட்டி நின்று, ஆளுக்கொரு திசையில் தூரத்தில் இருப்பவரோடு கத்திப் பேசுகிறார்கள் என்று வையுங்கள். நான் கத்தும்போது என் முதுகுப்பக்கத்து ஆள் கேட்க முயன்றால் ஒன்றும் காதில் விழாது. இருவரும் ஒன்றாகக் கத்தினால் எனக்கு என்ன நஷ்டம்? நான் எதையும் கேட்கப் போவதில்லையே. பிறகு இருவரும் ஒன்றாக வாய் மூடிக் காது கொடுத்தால், அவரவர் திசைக் குரல் தெளிவாகக் கேட்கும்.

நெரிசல் என்றால் ஒருவர் பின் ஒருவராகப் பேச வேண்டும் என்றுதான் நம் மனசு சொல்லும். இங்கே விடை நேர் எதிர்: எல்லாரும் ஒன்றாகப் பேசுங்கள்! எனக்கு ஒரு வாரம் பிடித்தது இந்த இடத்தில்தான்.

இந்த யோசனையை முதலில் நெறிமுறையாக எழுதியவர்கள் ஐ.ஐ.டி. கான்பூரில் இருந்த பாஸ்கரன் ராமன், காமேஸ்வரி செப்ரோலு இருவரும். கங்கைச் சமவெளிக் கிராமங்களை வைஃபையில் இணைக்கும் திட்டத்தில் கிடைத்த அனுபவத்தோடு 2005-ல் வெளியிட்டார்கள். பெர்க்லி குழு 2007-ல் அதை வளர்த்து 'வைல்ட்நெட்' என்று ஒரு முழு அமைப்பாக்கியது. அதில் 'காத்திருந்து பேசு' பழக்கத்தை அணைத்துவிட்டு, கடிகாரப்படி பேச்சு நேரம், கேட்கும் நேரம் என்று பிரித்தார்கள். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தனித்தனியாக 'வந்தது' என்று ரசீது கொடுக்காமல் மொத்தமாகக் கொடுத்தார்கள். சாதாரண வைஃபையில் அதே தூரங்களில் அதிகபட்சம் கிடைத்ததை விட 2 முதல் 5 மடங்கு வேகம் கிடைத்ததாக அந்தக் கட்டுரை சொல்கிறது. தேனி பார்வை மையங்களுக்கு விநாடிக்கு 5 முதல் 7 மெகாபிட் கிடைத்தது. முகம் பார்த்துப் பேச அது தாராளம்.

மதுரைப் பக்கத்துக்கு இந்தக் கடிகார முறை புதிதும் அல்ல. 2001-ல் மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணைய மையங்கள் வந்தபோது, சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய 'கார்டெக்ட்' கம்பியில்லா இணைப்பைத்தான் பயன்படுத்தினார்கள். அதன் அடிப்படையான டெக்ட் தரத்தில், 10 மில்லி விநாடிக்கு 24 கால அறைகள், 12 போக, 12 வர. தொலைபேசிக்காரர்களுக்கு எப்போதோ தெரிந்திருந்ததை வைஃபை திரும்பக் கற்றுக்கொண்டது என்று சொல்லலாம்.

முக்கோணம் கூடாது

இந்த விதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு தாளில் கோபுரங்களைப் புள்ளியாக வையுங்கள். இந்த நொடியில் பேசும் கோபுரத்துக்குச் சிவப்பு, கேட்கும் கோபுரத்துக்கு நீலம். ஒவ்வொரு இணைப்பும் ஒரு சிவப்பையும் ஒரு நீலத்தையும் சேர்க்க வேண்டும். அடுத்த நொடியில் நிறம் மாறும்.

தேனி போல நடுவிலிருந்து கிளை கிளையாகப் பிரிகிற மர அமைப்பில் இது எப்போதும் முடியும். ஆனால் மூன்று கோபுரத்தை முக்கோணமாக இணைத்துப் பாருங்கள். முதலாவது சிவப்பு, இரண்டாவது நீலம், மூன்றாவது? சிவப்பானால் முதலாவதோடு பேச முடியாது, நீலமானால் இரண்டாவதோடு முடியாது. ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படை வளையம் எல்லாவற்றுக்கும் இதே கதி. அப்படி வளையம் வேண்டுமென்றால் ஒரு இணைப்பையாவது வேறு சேனலுக்கு மாற்ற வேண்டும். 'மெஷ்' என்றாலே எல்லாரையும் எல்லாரோடும் கோர்ப்பது என்ற ஆசையை இந்தச் சிறு கணக்கு அடக்கி வைக்கிறது.

இன்னொரு சிக்கல், கிட்டத்தில் இருப்பவரின் சத்தம். 1 கி.மீ. இணைப்பும் 15 கி.மீ. இணைப்பும் ஒரே கோபுரத்தில் சேர்கின்றன என்று வைப்போம். இரண்டு ஆண்டெனாவும் கேட்கிற நேரம். 1 கி.மீ. காரரின் குரல் 15 கி.மீ. காரரின் குரலை விட சுமார் 23.5 டெசிபல் பலமாக வரும். 15 கி.மீ.யைப் பார்க்கும் ஆண்டெனா, பக்கவாட்டுக் குரலை 24 டெசிபல் அடக்கும். கழித்தால் மிச்சம் அரை டெசிபல். ஒன்றும் கேட்காது! 802.11பி-யின் முழு வேகத்துக்குச் சுமார் 10 டெசிபலாவது இடைவெளி வேண்டும். தீர்வு, அந்த 1 கி.மீ. முனையின் சக்தியைக் குறைப்பது. கவனியுங்கள், கோபுரத்து முனையை அல்ல, எதிர் முனையை. ஒரே இணைப்பின் இரண்டு முனைக்கும் ஒரே சக்தி இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கிட்டத்தில் இருப்பவர் மெதுவாகப் பேசினால் போதும்.

இந்த முறைக்கு விலையும் உண்டு. ஒரு முறைக்கு 20 மில்லி விநாடி என்று வைத்தால், உங்கள் முறை வரும்வரை பொட்டலம் காத்திருக்கும். இரண்டு மூன்று கோபுரம் தாண்டினால் தாமதம் சேர்ந்துகொண்டே போகும். முறையைச் சிறிதாக்கினால் மாற்றிக்கொள்வதிலேயே நேரம் வீணாகும். மருத்துவரும் நோயாளியும் பேச இது பரவாயில்லை.

என் கம்பத்துக்கு வருவோம்

என்னிடம் வைல்ட்நெட் இல்லை. இருந்தது இரண்டே இணைப்புதான். எனவே சேனலைப் பிரித்தேன். முதலில் இரண்டும் 6-ம் சேனலில் இருந்தன. 1, 6, 11 மூன்றும் ஒன்றோடொன்று மோதாது என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். ஒரே கம்பத்தில் அதை அப்படியே நம்பாதீர்கள். பழைய வைஃபை தரம் கேட்பது, சேனல் மையத்திலிருந்து 11 மெகாஹெர்ட்ஸ் தாண்டினால் கசிவு 30 டெசிபலாவது குறைய வேண்டும், 22 தாண்டினால் 50. ஒன்றாம் சேனலின் கசிவு ஆறாம் சேனலின் ஓரத்தில் 30 டெசிபல் மட்டுமே குறைந்திருந்தாலும் தரத்துக்கு உட்பட்டதுதான். பக்கத்து ஆண்டெனா 1000 மடங்கு பலம் என்றால் அந்த 30 அங்கேயே செலவாகிவிடும். எனவே 1-ம் 11-ம் வைத்தேன்.

இரண்டாவது, ஒரு ஆண்டெனாவைப் படுக்கை வாக்கில் திருப்பினேன். ஒன்று செங்குத்து, ஒன்று கிடைமட்டம் என்றால் ஒன்றின் பேச்சு மற்றதற்குக் குறைவாகவே கேட்கும். படிப்பக முனையையும் அதேபோல் திருப்பியாக வேண்டும், இல்லையென்றால் வேண்டிய சிக்னலும் போய்விடும். மூன்றாவது, கம்பத்தில் ஒன்றை மேலே, ஒன்றைக் கீழே என்று தள்ளினேன். நான்காவது, படிப்பக முனையின் சக்தியைக் குறைத்தேன். சக்தியைக் குறைத்த பிறகு வேகம் கூடியதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

வீடியோ ஓடியது. பிள்ளைகளில் சிலர் திரும்ப வந்தார்கள், எல்லாரும் வரவில்லை. ஒரு தடவை ஏமாந்தவர்களைத் திரும்பக் கூப்பிடுவது டெசிபலில் அடங்காது. தேனிக் குழுவின் 2008 கட்டுரையும் இதைத்தான் வேறு விதமாகச் சொல்கிறது. ரேடியோ பிரச்சினையைத் தீர்த்த பிறகும் அவர்களை அலைக்கழித்தது மின்சாரம். 1000 வோல்ட் வரைக்கும் எகிறிய மின்தாக்கு, அதில் போகும் அடாப்டர்கள், கெட்டுப்போகும் நினைவக அட்டைகள். அந்தந்த ஊரில் அதைச் சரிசெய்யத் தெரிந்த ஆட்களைத் தயார் செய்ததும் வலையமைப்பு நிலைக்க ஒரு காரணம்.

இப்போது எங்கள் ஊருக்கு 4ஜி வந்துவிட்டது. ஆலைக் கம்பத்தில் காக்கை கூடு கட்டியிருக்கிறது. ஆனால் அந்தப் பழைய விதி எங்கும் போய்விடவில்லை. 2300 மெகாஹெர்ட்ஸ் 4ஜி-யிலும் 3.5 கிகாஹெர்ட்ஸ் 5ஜி-யிலும் போவதும் வருவதும் ஒரே அலைவரிசையில், நேரம் பிரித்துத்தான். பக்கத்துப் பக்கத்துக் கோபுரங்கள் ஒரே கடிகாரத்தில் பேச வேண்டும், ஒரே கடிகாரத்தில் கேட்க வேண்டும். இல்லையென்றால் என் ஆலை மாடியில் நடந்ததுதான் அங்கேயும் நடக்கும்.

நீங்கள் தோட்டத்துக்கோ பள்ளிக்கோ இப்படி ஒரு கம்பம் நடப்போகிறீர்கள் என்றால், ஆண்டெனா வாங்குவதற்கு முன் ஒரு தாளில் புள்ளி வைத்து நிறம் தீட்டிப் பாருங்கள். எது பேசும்போது எது கேட்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ரேடியோ குறுக்கீடு என்றால் நாம் பக்கத்து வீட்டைத்தான் முதலில் சந்தேகப்படுவோம். என் அனுபவத்தில் குற்றவாளி இரண்டு மீட்டர் தள்ளி, நானே மாட்டிய ஆண்டெனா.